உழைக்கும் உடல், பயிலும் உடல்: பேறுகாலப் பயிற்சியின் வரலாறு

பேறுகாலத்தில் பெண் சும்மா உட்கார்ந்துவிடக் கூடாது, குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால்தான் பிள்ளை சுகமாகப் பிறக்கும் என்ற வாக்கு நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. அம்மியும் உரலும் கிணற்றுக் கயிறும் போனபிறகுதான் சிசேரியன் பெருகிவிட்டது என்று அங்கலாய்க்காத பெரியவர்கள் குறைவு. மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருக்கும் கர்ப்பகாலப் பயிற்சிப் படங்களைக் காட்டினால், 'இதெல்லாம் அந்தக் காலத்தில் வேலையோடு வேலையாக நடந்தது' என்ற பதில் உடனே வரும். இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. மிகப் பழையது, பல நாட்டினருக்கும் பொதுவானது. வயிற்றுத் தசைகளுக்கும் இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கும் இன்று கர்ப்பிணிகளுக்குச் சொல்லித்தரப்படும் பயிற்சிகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த நம்பிக்கையிலிருந்தே முளைத்தது. அதன் முக்கியமான கண்ணி ஒன்று காஷ்மீரத்தில் இருக்கிறது. பயிற்சியைப் பிறப்பித்த அதே நம்பிக்கை, உழைக்கும் பெண்களின் உடற்காயங்களைப் பிறர் கண்ணில் படாமல் மறைத்தும் வைத்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

முதலில் தசையைப் பற்றி. இடுப்பெலும்பு அடிப்பக்கம் திறந்த ஒரு வளையம். அதன் முன்புறத்து எலும்பிலிருந்து பின்புறத்து வால் எலும்பு வரை, ஒரு தூளியைக் கட்டியதுபோல, தசைகள் விரிந்து கிடக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றும் அத்தூளியின்மேல் அமர்ந்திருக்கின்றன. அவற்றின் வாயில்கள் அதன் ஊடாகவே கீழிறங்குகின்றன. கர்ப்பத்தின் எடை மாதக்கணக்கில் அதன்மீது அழுத்துகிறது. பிரசவத்தின்போது குழந்தையின் தலை அதை அளவுக்கு மீறி விரித்துக்கொண்டு வெளியேறுகிறது. பிறகு இருமினாலோ தும்மினாலோ சிறுநீர் கசிவதும், ஆண்டுகள் கழித்துக் கருப்பை கீழிறங்குவதும் அத்தூளி தளர்ந்ததன் விளைவுகளில் முதன்மையானவை.

மருத்துவ நூல்கள் இதை 'இடுப்புத்தளத் தசை' என்கின்றன. மொழிபெயர்ப்புச் சொல்தான், வேறு வழியில்லை. கர்ப்பம் தொடர்பான சொற்களில் தமிழ் வறியதன்று. சூலுற்றவளின் வேட்கைக்கு 'வயா', முதற்கர்ப்பத்துக்குக் 'கடுஞ்சூல்', ஈன்ற அணிமைக்குப் 'புனிறு' என்று நுட்பமாகப் பெயரிட்ட மொழி இது. ஆயினும் இந்தத் தசைக்கு வழக்கில் ஒரு பெயர் இல்லை. 'அடி இறங்கிவிட்டது' என்று பெண்கள் தமக்குள் தணிந்த குரலில் சொல்லிக்கொள்வார்கள். அது கெட்ட பிறகான நிலைக்குப் பெயர்.

*

உழைக்கும் பெண் எளிதில் ஈனுவாள் என்ற கூற்றின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று விவிலியத்தின் யாத்திராகமத்தில் உள்ளது. எபிரேயரின் ஆண் குழந்தைகளைக் கொன்றுவிடுமாறு பார்வோன் கட்டளையிடுகிறான். சிப்பிராள், பூவாள் என்னும் மருத்துவச்சிகள் அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, எபிரேயப் பெண்கள் எகிப்தியப் பெண்களைப் போன்றவர்கள் அல்லர், நல்ல பலமுள்ளவர்கள், நாங்கள் போய்ச் சேருமுன்பே பெற்றுவிடுகிறார்கள் என்று சொல்லித் தப்புகிறார்கள். பின்வந்த நூற்றாண்டுகளில் இக்கூற்றை மருத்துவ உண்மைபோல எடுத்தாண்டவர்கள் உண்டு. குழந்தைகளைக் காப்பாற்றுவதற்காக ஓர் அரசனிடம் சொல்லப்பட்ட சாக்கு அது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் தம் 'அரசியல்' நூலின் ஏழாம் பகுதியில், கர்ப்பிணிகள் உடம்பைப் பேண வேண்டும், சோம்பியிருக்கக் கூடாது என்கிறார். பேற்றுக்குரிய தெய்வங்களின் கோயிலுக்கு அவர்கள் நாள்தோறும் நடந்து சென்று வழிபட வேண்டுமென்று சட்டம் செய்பவன் விதித்துவிட்டால் இது எளிதில் நடந்தேறும் என்பது அவர் யோசனை. (கோயிலைச் சுற்றச் சொல்லும் நம் பாட்டிமார் அரிஸ்டாட்டிலைப் படித்தவர்கள் அல்லர்.) இந்திய வைத்திய மரபோ எதிர்த்திசையில் நின்றது. சுசுருத சங்கிதை, கருவுற்றவள் விலக்க வேண்டியவற்றின் வரிசையில் உடற்பயிற்சியையும் சேர்க்கிறது. ஓய்வெடுக்க வசதியுள்ள வீட்டுப் பெண்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட விதி என்றே இதைக் கொள்ளத் தோன்றுகிறது. வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவளுக்கு அந்நூல் எட்டியிருக்க வாய்ப்பில்லை.

மூலபந்தம்தான் இன்றைய இடுப்புத்தளப் பயிற்சி, நம் முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என்று சிலர் எழுதி வருகிறார்கள். ஹடயோகப் பிரதீபிகை விவரிக்கும் மூலபந்தத்தில் சுருக்கப்படும் தசைகளில் இவையும் அடங்கும் என்பது சரி. ஆனால் அதன் நோக்கம் அபானனை மேலே ஏற்றுவது. அதைப் பயில்பவன் யோகி. கர்ப்பிணியின் பாரத்தையோ பிரசவத்தின் கிழிசலையோ அந்நூல் நினைக்கவில்லை. தசை ஒன்றாயிருப்பதால் மட்டும் வரலாறும் ஒன்றாகிவிடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பழைய நம்பிக்கை அறிவியல் உடை உடுத்துக்கொண்டது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர மருத்துவர் ஜார்ஜ் எங்கெல்மன் 1882இல் 'ஆதிக்குடிகளிடையே பிரசவம்' என்ற பொருளில் ஒரு நூல் வெளியிட்டார். செவ்விந்தியர் பகுதிகளில் பணியாற்றிய மருத்துவர்களும் பிறரும் எழுதியனுப்பிய செய்திகளைப் பெருமளவில் திரட்டிச் செய்த நூல் அது. குந்தியும் முழந்தாளிட்டும் கயிற்றைப் பற்றியும் பெண்கள் ஈனும் முறைகள் படங்களோடு அதில் இடம்பெற்றன. நாகரிகப் பெண் கட்டிலில் படுத்து வலியில் துடிக்கிறாள், காட்டுப் பெண் குந்திப் பெற்றுவிட்டு வேலைக்குத் திரும்புகிறாள் என்ற சித்திரம் ஐரோப்பிய, அமெரிக்க மருத்துவர்களின் மனத்தில் இத்தகைய நூல்களால் ஊன்றியது. அந்தக் காட்டுப் பெண்களில் எத்தனை பேர் பிரசவத்தில் மாண்டார்கள், பிழைத்தவர்கள் பத்தாண்டு கழித்து எப்படி நடமாடினார்கள் என்று தேடிப் போனவர்கள் அரிது.

*

இனி காஷ்மீரம். இருபதாம் நூற்றாண்டின் முதற்பகுதியில் ஸ்ரீநகரில் பெண்களுக்கான மருத்துவமனையில் பணியாற்றிய ஆங்கிலேய மருத்துவர் கேத்லீன் வாகன், தம்மிடம் வந்த கர்ப்பிணிகள் பலரின் இடுப்பெலும்பு நெளிந்து கோணியிருப்பதைக் கண்டார். எலும்பு மென்மையாகிப்போகும் ஆஸ்டியோமலேசியா நோய் அது. எலும்பு வளையம் ஒடுங்கிவிட்டால் குழந்தை வெளிவர வழியில்லை. தாய் நாட்கணக்கில் வலியோடு கிடந்து மாள்வாள், அல்லது வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். நோயாளிகளில் பெரும்பாலோர் பர்தா முறையில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த பெண்கள். நம் பக்கத்தில் அதைக் கோஷா என்போம். 1885இல் சென்னையில் தொடங்கப்பட்டுத் திருவல்லிக்கேணியில் நிலைத்த 'கோஷா ஆஸ்பத்திரி' அம்முறையில் வாழ்ந்த பெண்களையும் கருதி ஏற்பட்டதே.

அதே ஸ்ரீநகரில், அதே ஏரியிலும் ஆற்றிலும், படகுகளிலேயே பிறந்து வளர்ந்து வாழும் மக்களும் இருந்தனர். அவர்களின் பெண்கள் வெயிலில் துடுப்பு வலித்தார்கள், நெல் குத்தினார்கள், குந்தி வேலை செய்தார்கள். அவர்களிடம் இந்நோயைக் காணோம். பேறும் எளிதாக இருந்தது. எலும்பு நோய்க்கும் சூரிய ஒளிக்கும் உள்ள தொடர்பு அப்போதுதான் துலங்கத் தொடங்கியிருந்தது. 1919இல் பெர்லினில் குர்ட் ஹுல்ட்சின்ஸ்கி புறஊதா ஒளியால் குழந்தைகளின் ரிக்கட்ஸ் நோயைக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். வாகன் 1928இல் வெளியிட்ட நூலில், பர்தா முறையால் ஒளி மறுக்கப்படுவதே இந்தியாவில் இந்நோய்க்குக் காரணம் என்று வாதிட்டார். பின்னர் இங்கிலாந்து திரும்பி 1937இல் எழுதிய நூலில் பாதுகாப்பான பிரசவத்துக்கு இன்றியமையாதவை மூன்று என்றார்: வட்டமான இடுப்பு வளையம், நெகிழ்ந்து கொடுக்கும் இடுப்பு மூட்டுகள், பிரசவத்தில் இயல்பான உடல்நிலை.

வாகனின் கண்டுபிடிப்பில் இரண்டு பாடங்கள் பின்னிக் கிடந்தன. ஒன்று வெயில், உணவு, வளரும் பருவத்துப் பெண் குழந்தையின் எலும்பு ஆகியவை பற்றியது. அது சமூகத்தை மாற்றக் கேட்டது. மற்றொன்று படகுப் பெண்ணின் அசைவுகள் பற்றியது: குந்துதல், சம்மணமிடுதல், இடுப்பை முன்னும் பின்னும் அசைத்தல். இவற்றை லண்டன் பெண்ணுக்கு ஒரு பாயில் உட்காரவைத்துக் கற்பித்துவிடலாம். எது பயணம் செய்திருக்கும் என்று வாசகர்கள் ஊகிக்கலாம். காஷ்மீரத்து ஏரியில் வயிற்றுப்பாட்டுக்காக நடந்த வேலை, மேற்கு நாட்டு மருத்துவமனைக் கூடத்தில் பயிற்சியாயிற்று. வெயிலும் உணவும் பின்னுக்குப் போயின. ஒடுங்கிய எலும்பை இருபத்தைந்து வயதில் குந்தி எழுந்து வட்டமாக்க முடியாது என்பதும் மறந்துபோயிற்று.

*

லண்டனில் இந்த விதை விழுவதற்கு நிலம் முன்னரே உழப்பட்டிருந்தது. புனித தாமஸ் மருத்துவமனையில் மசாஜ் பள்ளியின் தலைவியாக இருந்த மின்னி ராண்டெல் செவிலியும் மருத்துவச்சியுமாவார். 1912இல் அங்குள்ள பிரசவ மருத்துவர் ஃபேர்பெய்ர்ன், பிள்ளை பெற்ற பெண்கள் படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சிகளை வகுத்துத் தருமாறு அவரைக் கேட்டுக்கொண்டார். பிரசவித்தவளை வாரக்கணக்கில் படுக்கையைவிட்டு எழவிடாத காலம் அது. அசையாமல் கிடப்பதால் கால் இரத்தக்குழாய்களில் உறைவு ஏற்படும், வயிறு தளர்ந்து தொங்கும், முதுகு வலிக்கும். ராண்டெலின் பயிற்சிகள் இந்தக் கட்டாய ஓய்வுக்கு மாற்றாகத் தோன்றியவை. பிறகுதான் அவை கர்ப்பகாலத்துக்கும் நீண்டன. வாகனின் குந்தல்களும் இடுப்பசைவுகளும் ராண்டெலின் வகுப்புகளில் வந்து சேர்ந்தன. 1939இல் தாயின் நோக்கில் பேற்றுக்கான பயிற்சி என்ற பொருளில் அவர் நூலெழுதினார்.

மூன்றாமவர் எனக்கு மிகப் பிடித்தவர். மார்கரெட் மோரிஸ் நடனக் கலைஞர். இசடோரா டங்கனின் சகோதரர் ரேமண்ட் டங்கனிடம் கிரேக்கச் சிற்ப நிலைகளைக் கற்று, அதிலிருந்து தமக்கென ஒரு நடன முறையை உருவாக்கியவர். உடலசைவுக்கு மருத்துவப் பயன் உண்டென்று உறுதியாக நம்பி, நாற்பது வயதை நெருங்கும்போது புனித தாமஸ் மருத்துவமனையில் மாணவியாகச் சேர்ந்து 1930இல் இயன்முறைத் தேர்வில் தேறினார். 1936இல் அவர் வெளியிட்ட மகப்பேற்றுப் பயிற்சி நூலில் இடுப்புத்தளத் தசைகளை இறுக்குவதும் தளர்த்துவதும் மூச்சோடு இணைத்து விவரிக்கப்படுகின்றன. தளர்த்துதல் என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பிரசவத்துக்குத் தசை இறுகி நிற்பது மட்டும் போதாது, வேண்டும்போது விட்டுக்கொடுக்கவும் வேண்டும் என்பதை ஒரு நடனக்காரி அறிந்திருந்தாள். உடம்பின் ஒரு பகுதியை மட்டும் தனியே அசைக்க மாதக்கணக்கில் பழகுகிற கலை அது. நம் அடவுப் பயிற்சி போல.

மோரிசின் நூல் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1948இல், லாஸ் ஏஞ்சலிஸ் நகர மகளிர் மருத்துவர் அர்னால்ட் கெகல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் தம் கட்டுரையை வெளியிட்டார். உலகம் இன்று இப்பயிற்சியை அவர் பெயரால்தான் அழைக்கிறது. பெயர் சூட்டலில் நடந்த இந்த அநீதியைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் கெகல் செய்ததைக் குறைத்து மதிப்பிடவும் கூடாது. சிறுநீர்க் கசிவுக்கு அறுவைதான் முதல் விடை என்றிருந்த நாளில், அறுவை செய்யும் கையுடைய ஒருவரே கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பயிற்சியைப் பரிந்துரைத்தார். பிரசவித்த பெண்கள் பலருக்கு அந்தத் தசை தம்மிடம் இருக்கும் உணர்வே அற்றுப்போயிருந்ததை அவர் விரலால் சோதித்து அறிந்தார். அதனால் பெரினியோமீட்டர் என்ற கருவியை அமைத்தார். காற்றடைத்த சிறு ரப்பர் குழல், அதிலிருந்து செல்லும் குழாய், அதன் முனையில் அழுத்தத்தைக் காட்டும் முள். பெண் தசையைச் சுருக்கினால் முள் அசையும். தன் கண்ணுக்குத் தெரியாத தசை வேலை செய்வதை அவள் கண்ணால் காண்பாள். நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம், ஏறத்தாழ முந்நூறு சுருக்கங்கள் என்று பயிலச் செய்து, இடையிடையே வரவழைத்துச் சோதித்தார்.

வெற்றி 84 விழுக்காடு என்று அவர் அறிவித்ததாக இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லாத கணக்கு அது. இன்றைய அளவுகோலில் நில்லாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கெகலின் முறைக்கு மூன்று உறுப்புகள் உண்டு: சோதிக்கும் விரல், காட்டும் கருவி, திரும்பத் திரும்பச் செய்யும் பயிற்சி. அவர் பெயர் உலகெங்கும் பரவியபோது முதல் இரண்டும் கழன்று விழுந்தன. பேருந்துக்குக் காத்திருக்கையில், பாத்திரம் துலக்குகையில் 'சிறுநீரை அடக்குவதுபோல இறுக்குங்கள்' என்ற ஒரு வரி மிஞ்சியது.

அந்த ஒரு வரி எவ்வளவு போதாது என்பதை 1991இல் ரிச்சர்ட் பம்ப்பும் அவர் குழுவினரும் அமெரிக்காவில் அளந்து காட்டினார்கள். 47 பெண்களுக்குச் சுருக்கமாக வாயால் மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டு, அவர்கள் செய்வதைக் கருவியால் சோதித்தனர். சரியாகச் செய்தவர்கள் பாதிப்பேர், 49 விழுக்காடு. கால்வாசிப்பேர் தசையை மேலே இழுப்பதற்குப் பதிலாக முக்கிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தனர். கசிவைத் தடுப்பதற்கான பயிற்சி கசிவை வளர்க்கும் பயிற்சியாகியிருந்தது. துண்டறிக்கையில் அச்சிட்டுக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று எண்ணும் எவரும் படிக்க வேண்டிய ஆய்வு இது.

*

இங்கிலாந்தில் இதே காலத்தில் இயற்கைப் பிரசவ இயக்கம் எழுந்தது. 1933இல் கிராண்ட்லி டிக்-ரீட் எழுதிய நூல் அதன் தொடக்கம். அச்சம் இறுக்கத்தையும் இறுக்கம் வலியையும் வளர்க்கின்றன என்பது அவர் கொள்கை. தாயின் அச்சத்தைப் பிரசவ அறைக்குள் ஒரு பொருட்டாக மதித்தவர் என்ற வகையில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எனினும் வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு மீண்டும் வேலைக்குப் போகும் 'ஆதிப் பெண்' அவர் எழுத்திலும் வருகிறாள். நடுத்தர வகுப்பு ஆங்கிலப் பெண்கள் பிள்ளை பெறத் தயங்குகிறார்களே என்ற இனக் கவலையும் அதன் பின்னால் இருந்தது. உழைப்பவளைப் போற்றும் இந்தப் பேச்சில் அவள் ஒருபோதும் முன்னிலையில் இல்லை. வேறொருத்திக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே வந்துபோகிறாள்.

வயிற்றுத் தசைகளின் கதை இன்னும் ஊசலாட்டமானது. வயிற்றின் முன்புறம் மேலிருந்து கீழாக ஓடும் இரு தசைப்பட்டைகள் நடுவில் வெண்மையான நார்க்கோடு ஒன்றால் இணைந்துள்ளன. கர்ப்பத்தில் அந்தக் கோடு அகன்று பட்டைகள் விலகுகின்றன. மல்லாந்து படுத்து இரு கால்களையும் உயர்த்துவதும், படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காருவதும் வயிற்றுக்கு ஏற்ற பயிற்சிகளாக ஒருகாலத்தில் கருதப்பட்டன. ஆஸ்திரேலியாவில் பயின்று அமெரிக்கா சென்ற எலிசபெத் நோபிள் 1976இல் வெளியிட்ட நூல், விலகலை முதலில் விரலால் சோதித்துப் பார், பிறகு பயிற்சியைத் தேர்ந்தெடு என்றது. 1982இல் ஜேன் ஃபோண்டாவின் பெயரோடு ஃபெமி டெலைசர் எழுதிய கர்ப்பகாலப் பயிற்சி நூலும் அடுத்த ஆண்டு ஒளிப்பேழையும் வெளிவந்தன. கர்ப்பிணிகள் இறுக்கமான உடையில் இசைக்கேற்ப ஆடுவதைக் கண்டு மருத்துவ உலகம் சற்றுக் கலங்கியிருக்க வேண்டும். 1985இல் அமெரிக்க மகப்பேற்று மருத்துவர் கல்லூரி, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 140ஐத் தாண்டக் கூடாது, கடும்பயிற்சி 15 நிமிடத்துக்கு மேல் கூடாது, நான்காம் மாதத்துக்குப் பின் மல்லாந்து படுத்துச் செய்யக் கூடாது என்று வரம்பிட்டது. 140 என்ற எண்ணுக்கு வலுவான ஆய்வு ஆதாரம் இருக்கவில்லை. 1994இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. 2002இல் அதே கல்லூரி, சிக்கலற்ற கர்ப்பத்தில் பெரும்பாலான நாட்களில் 30 நிமிடமாவது மிதமான பயிற்சி நல்லது என்றது. தடுத்தவர்களே பதினேழு ஆண்டுகளில் தூண்டுபவர்கள் ஆனார்கள்.

விலகலைப் பற்றிய அச்சமும் மெல்லத் தெளிந்து வருகிறது. 2015இல் போர்ச்சுகலில் முதல் பிரசவப் பெண்களை அளந்தபோது 35ஆம் வாரத்தில் எல்லோருக்குமே விலகல் இருந்தது. எல்லோருக்கும் வருவதை நோய் என்பது எங்ஙனம்? ஆயினும் 2018இல் வெளிவந்த கனடா நாட்டு வழிகாட்டி, விலகல் உள்ளவர்கள் வயிற்றை வலுப்படுத்தும் பயிற்சிகளைத் தவிர்க்கச் சொன்னது. 2023இல் நார்வேயில், பிரசவத்துக்குப் பின் விலகல் நீடித்த 70 பெண்களிடம் செய்த ஆய்வில், விலக்கச் சொல்லப்பட்ட அதே தலைதூக்கும் பயிற்சி வயிற்றை வலுவாக்கியது, விலகலை அதிகமாக்கவில்லை. கர்ப்பகாலத்துக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனால் பயிற்சி நூல்களில் உறுதியான குரலில் வரும் 'கூடாது'கள் பலவற்றுக்கு அடித்தளம் எவ்வளவு மெல்லியது என்பது தெரிகிறது.

இடுப்புத்தளத்தைப் பொறுத்தவரை சான்று உறுதியாக இருக்கிறது. அதற்கும் நார்வேக்கே நன்றி சொல்ல வேண்டும். 2003இல் ட்ரொண்ட்ஹெய்ம் நகரில் சீவ் மொர்க்வெட், காரி போ முதலியோர் முதற்கர்ப்பிணிகள் 301 பேரை இரு குழுவாகப் பிரித்தனர். ஒரு குழு இருபதாம் வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரங்கள் இயன்முறை மருத்துவரின் முன்னிலையில் வாரம் ஒருமுறை கூடிப் பயின்றது; வீட்டிலும் நாள்தோறும் செய்தது. 36ஆம் வாரத்தில் சிறுநீர்க் கசிவு பயின்றவர்களில் 32 விழுக்காடு, பயிலாதவர்களில் 48 விழுக்காடு. பிரசவமாகி மூன்று மாதத்தில் 20, 32. தசை வலுத்தால் பிள்ளை வெளிவர வழிவிடாது என்று மருத்துவச்சிகள் அஞ்சியதற்கும் விடை கிடைத்தது: அதே பெண்களைப் பற்றி அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையில், பயின்றவர்களிடம் முக்கும் கட்டம் நீண்டுபோனது குறைவாகவே இருந்தது. 2020இல் காக்ரேன் குழு 46 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. மொத்தம் 10,832 பெண்கள். கசிவு இல்லாதவர்கள் கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே பயின்றால் பிற்காலக் கர்ப்பத்தில் கசிவு வரும் வாய்ப்பு 62 விழுக்காடு குறையக்கூடும். கசிவு வந்தபின் கர்ப்பத்தில் தொடங்கும் பயிற்சி எவ்வளவு பயன் தரும் என்பதில் அத்தகைய தெளிவில்லை.

பயிற்சியால் ஆகாததும் உண்டு. 2003இல் ஜான் டிலான்சி குழுவினர் எம்.ஆர்.ஐ. படமெடுத்துப் பார்த்ததில், ஒருமுறை இயல்வழியில் பிரசவித்த 160 பெண்களுள் 32 பேருக்கு அந்தத் தசையில் குறைபாடு தெரிந்தது. பிரசவிக்காத 80 பேரில் ஒருவருக்கும் இல்லை. தசை எலும்பிலிருந்து பிய்ந்துபோயிருந்தால் அதை இறுக்கித் தளர்த்தி ஒட்டவைக்க இயலாது. அத்தகையவளிடம் 'நீ ஒழுங்காகப் பயிற்சி செய்யவில்லை' என்று சொல்வது கொடுமை.

*

தொடங்கிய இடத்துக்கு வருவோம். உழைப்பே பயிற்சி என்றால் உலகில் மிகக் கடுமையாக உழைக்கும் பெண்களுக்கு இடுப்புத்தளம் இரும்பாக இருக்க வேண்டும். நேபாளத்தின் மலைக்கிராமங்களைப் பார்த்தால் நேர்மாறாக இருக்கிறது. நெற்றிப்பட்டையில் மாட்டிய கூடையில் விறகும் புல்லும் எருவும் சுமந்து செங்குத்தான பாதைகளில் ஏறி இறங்குபவர்கள் அவர்கள். சிறு வயதில் மணம், அடுத்தடுத்த பேறுகள், பிரசவித்த சில நாட்களிலேயே மீண்டும் சுமை. ஆறு லட்சம் பெண்கள் கருப்பை இறக்கத்தோடு வாழ்கிறார்கள், அவர்களில் இரண்டு லட்சம் பேருக்கு உடனடியாக அறுவை தேவை என்பது ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியத்தின் பெயரால் அந்த ஆண்டுகளில் பரவலாக எடுத்தாளப்பட்ட மதிப்பீடு. பலர் அதைக் கணவனிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் மறைத்திருந்தனர்.

வேலைக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் துலங்குகிறது. பயிற்சியில் ஒரு தசை அளவோடு சுருங்குகிறது, முழுவதும் தளர்கிறது, ஓய்வெடுக்கிறது, பிறகு சற்றுக் கூடுதலாகச் சுருங்குகிறது. நல்ல உணவு உண்டால் வலுக்கிறது. சுமையில் வயிற்றுக்குள் அழுத்தம் மணிக்கணக்கில் கீழ்நோக்கியே இருக்கிறது. நிறுத்தும் உரிமை சுமப்பவளுக்கு இல்லை. எட்டு வாரம் ஆறவேண்டிய தசைமீது எட்டாம் நாள் விறகுக்கட்டு ஏறினால் அது எந்தப் பயிற்சி நூலிலும் அடங்காது. வாகன் பார்த்த படகுப் பெண்கள் வெயிலால் பெற்ற நன்மை உண்மையானது. அவர்களுள் முதியவர்களின் அடி எப்படி இருந்தது என்ற கேள்விக்கு அன்றைய மருத்துவத்தில் இடமில்லை; பிரசவ அறைக்கு வந்தவர்களைத்தான் அது எண்ணியது.

2008 ஜூன் 4 அன்று நேபாள உச்ச நீதிமன்றம், பிரகாஷ் மணி சர்மாவும் பிறரும் தொடுத்த பொதுநல வழக்கில், பெருவாரியான கருப்பை இறக்கத்தைத் தடுக்காமலும் சிகிச்சையளிக்காமலும் அரசு விட்டது இனப்பெருக்க உரிமையை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. இலவச மருத்துவம், விழிப்புணர்வுத் திட்டம், நாடாளுமன்றத்தில் சட்ட முன்வரைவு ஆகியவற்றுக்கு உத்தரவிட்டது. அந்நாட்டின் பாதுகாப்பான தாய்மை, இனப்பெருக்க நல உரிமைச் சட்டம் நிறைவேறியது 2018இல்.